தூத்துக்குடிக் கப்பற் கொம்பனியும் வ. உ. சிதம்பரம்பிள்ளையும்

வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் சிறையிலே செக்கிழுத்த செய்தியைப் பாலவகுப்பு மாணாக்கரும் அறிவர். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் என்னுந் திரைப்படம் அன்னாரின் பெயரைக் கடல் கடந்தும் பரப்பிற்று. ஆயினும் தேசபத்தர் என்னும் அப்புகழொளியே அவர் செய்த தொழிலைச் சற்று மறைத்துவிட்டதோ என்று ஐயுற இடமுண்டு. பத்து இலட்சம் ரூபா மூலதனத்தில் ஒரு கொம்பனியைத் தோற்றுவித்து, ஊரூராய்ப் பங்கு விற்று, கப்பல் வாங்கி, கட்டணம் விதித்து, தன்னினும் பன்மடங்கு வலிய போட்டியாளனோடு நேர்நின்று பொருத வணிகத் தலைவர் அவர்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும் பிறநாட்டு நகரங்களிலும் வங்கிகளையும் வணிக நிலையங்களையும் நடத்தும் பொறுப்பிலே அமர்ந்திருக்கின்றனர். தலைமை தாங்குவது எப்படி, திட்டமிடுவது எப்படி, பிறர் மனங்கொள்ளப் பேசுவது எப்படி என்று அவர்கட்குப் போதிக்கும் மேனாட்டு நூல்கள் புத்தகசாலைகளிலே மலிந்து கிடக்கின்றன. அவற்றைப் பழிப்பது எம் கருத்தன்று. நம் கரைக்கும் அக்கரைக்கும் இடைப்பட்ட கடலிலேயே நிகழ்ந்த வணிகப்போர் ஒன்றை வணிகரின் கண்கொண்டும் ஒருமுறை நோக்கலாமே என்பதே எம் விருப்பம்.

சிதம்பரம்பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்திலே பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளை ஒரு வக்கீல். தாயார் பரமாயி அம்மையார். ஊரிலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலுங் கல்வி பயின்று, திருச்சிராப்பள்ளியிலே சட்டங் கற்றுத் தேறி, ஒட்டப்பிடாரத்திலே தாமும் வக்கீலாயினார். 1900ஆம் ஆண்டளவிலே தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அதுவரை அவர் வாழ்க்கை ஒரு சிற்றூர் வக்கீலின் வாழ்க்கையே. தூத்துக்குடித் துறைமுகமும் அங்கே வந்துபோகும் கப்பல்களுமே அவரை வேறொருவர் ஆக்கின.

அக்காலத்துத் தூத்துக்குடியை நாம் மனக்கண்ணிற் காணுதல் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வருவோர்க்கு அதுவே தலைவாயில். தோட்டங்களுக்குத் தொழிலாளர் அவ்வழியே வந்தனர். செட்டிமாரும் முஸ்லிம் வணிகரும் அவ்வழியே போக்குவரவு செய்தனர். புடவையும் உணவுப் பொருளும் அவ்வழியே ஏற்றப்பட்டன. இப்போக்குவரவு முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நவிகேஷன் கொம்பனி என்னும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்குமிடையே தபால் கொண்டுசெல்லத் தொடங்கிய அக்கொம்பனி, அரை நூற்றாண்டிற்குள் இந்துமாக்கடல் எங்கும் கப்பல் விட்டுவந்தது. தூத்துக்குடியிலே அதற்கு முகவராக விளங்கியவர்கள் ஹார்வி கொம்பனியார். அவர்களே அவ்வூர்க் கோரல் ஆலை என்னும் நூலாலையையும் நடத்தினர். இவ்வுறவை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் வரும் நிகழ்ச்சிகளுக்கு இதுவே திறவுகோல்.

1905ஆம் ஆண்டு வங்காளம் இருகூறாக்கப்பட்டபோது எழுந்த சுதேசிய இயக்கம் தென்னாட்டிற்கும் பரவியது. அந்நியப் பொருளை விலக்குமாறு மேடைதோறும் பேசினர். விலக்கிய பொருளுக்கு ஈடாக நாமே ஒன்றை உண்டாக்கித் தருதல் வேண்டும் என்று கருதிச் செயலில் இறங்கியவர் சிலரே. அவருள் ஒருவர் பிள்ளையவர்கள். சென்னையிலே இராமகிருஷ்ண மடத்தின் தலைவராக விளங்கிய சுவாமி இராமகிருஷ்ணானந்தரைக் கண்டு உரையாடியது அவருள்ளத்திலே அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்திற்று. தூத்துக்குடியிலே நெசவுசாலை ஒன்றும் பண்டகசாலை ஒன்றும் அவர் முயற்சியாலே தோன்றின. இவை சிறு முயற்சிகள். ஆனால் பங்கு சேர்த்தல், கணக்கு வைத்தல், பலரை ஒரு தொழிலிலே கூட்டுதல் ஆகிய பழக்கங்களை அவருக்கு இவையே தந்திருத்தல் வேண்டும்.

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி சுதேசி நாவாய்ச் சங்கம் எனப்பட்ட கப்பற் கொம்பனி இந்தியக் கொம்பனிச் சட்டத்தின்படி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அது ரூபா 25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. கப்பல் என்றால் ஒரு சில தனவந்தர் கூடிப் பெரும்பங்குகளை எடுப்பதே வழக்கமாயிருக்க, இருபத்தைந்து ரூபா வைத்திருக்கும் கடைக்காரனையும் கப்பலுக்குச் சொந்தக்காரன் ஆக்கியது இவ்வேற்பாடு. பங்கு வாங்கியவன் அக்கப்பலிலேயே ஏறுவான், தன் சரக்கையும் அதிலேயே ஏற்றுவான், அயலானையும் அழைத்துவருவான். பங்குப்பணமும் வாடிக்கையும் ஒரே இடத்திலிருந்து வருமாறு வகுத்தது பிள்ளையவர்களின் நுண்ணறிவைக் காட்டும். பங்குகளை வாங்கும் உரிமை இந்தியர்க்கு மாத்திரமன்றி இலங்கையர்க்கும் ஏனைய ஆசிய நாட்டவர்க்கும் அளிக்கப்பட்டிருந்தது. கொழும்புத் துறையிலே ஆதரவு இன்றித் தூத்துக்குடிக் கப்பல் ஓடாது என்பதை அவர் முதலிலேயே உணர்ந்திருந்தார். கப்பற்றொழிலை நம்மவர்க்குக் கற்பிப்பதும், கப்பல் கட்டுந் துறை அமைப்பதும் கொம்பனியின் நோக்கங்களிற் சேர்க்கப்பட்டிருந்தன.

தலைவர் பதவியை அவர் தமக்கு வைத்துக்கொண்டாரல்லர். பாலவநத்தம் சமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவர் தலைவராயினார். மதுரையிலே 1901ஆம் ஆண்டு தமிழ்ச்சங்கம் நிறுவிய பெருமகன் அவரே. அவர் தந்தையார் பொன்னுசாமித் தேவர் நம் நாவலர் பெருமானின் பதிப்புப் பணிக்குத் துணைநின்றவர் என்பதை யாழ்ப்பாணத்தார் மறத்தல் தகாது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் இரண்டு இலட்சம் ரூபாவுக்கு 8,000 பங்குகளை எடுத்துக்கொண்டார். சேலம் விசயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகருள் ஒருவராயினார். பிள்ளையவர்கள் ஏற்ற பதவி உதவிக் காரியதரிசிப் பதவியே. சமீன்தாரின் பெயர் மேலோரின் நம்பிக்கையையும், சேட்டின் பணம் வணிகரின் நம்பிக்கையையும் ஈட்டின. வேலை முழுவதையும் உதவிக் காரியதரிசி செய்தார். வேலையைச் செய்பவருக்கு உயர்ந்த நாற்காலி வேண்டும் என்று அவர் கருதவில்லை.

கொம்பனி தோன்றியபோது அதனிடம் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷாலைன் என்னும் கப்பற் கொம்பனியிடம் வாடகைக்குக் கப்பல் பெற்றே ஓட்டத் தொடங்கினர். தூத்துக்குடி வணிகர் இதனை மகிழ்ந்து ஆதரித்தனர். போட்டியாளர் இதனை எதிர்த்து நேரே சண்டையிடவில்லை. வாடகைக்குக் கொடுத்தவரை நெருக்கினர். நெருக்கவே, கப்பல்கள் திருப்பி அழைக்கப்பட்டன. பங்குதாரர் திகைத்தனர். பிள்ளையவர்கள் காலந் தாழ்த்தாது கொழும்புக்கு வந்து, இங்கிருந்து ஒரு பெரிய கப்பலை வாடகைக்கு அமர்த்திச் சென்று போக்குவரவு அறாமற் காத்தார். முயற்சி குலையுந் தறுவாயிலே கை கொடுத்தது நம் கொழும்புத்துறை என்பதை இவ்விடத்து மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறோம்.

ஆயினும் இது நெடுநாட்குப் போதாது என்பது தெளிவாயிற்று. இரவற்குடையை மழையிலே பிடுங்கிக்கொள்ள அதன் சொந்தக்காரனுக்கு எப்போதும் உரிமையுண்டல்லவா? சொந்தக் கப்பல் வாங்கும்பொருட்டு அவர் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலிலே வீழ்ந்து மாய்வேன் என்று அவர் சூளுரைத்துச் சென்றதாகச் சொல்வர். அக்காலத்து வீட்டிலே மகன் நோயுற்றிருந்தான் என்றும், மனைவியார் கருவுற்றிருந்தார் என்றும், உறவினர் தடுத்தபோது அவரைத் தெய்வங் காக்கும் என்று கூறிப் போயினார் என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். குடும்பத்தின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றியது தக்கதோ என்று இன்று நாம் வினவலாம். வினவுதல் பிழையன்று. ஆனால் சொந்தக் கப்பல் இன்றித் திரும்பியிருப்பின் பங்குதாரரின் பணமும் ஊராரின் நம்பிக்கையும் ஒருங்கே அழிந்திருக்கும் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

திலகரின் உதவியோடு காலியா என்னும் கப்பல் வாங்கப்பட்டது. வேதமூர்த்தி என்னும் நண்பரின் முயற்சியாலே பிரான்சு நாட்டிலிருந்து லாவோ என்னும் மற்றொரு கப்பலும் வந்தது. இவை ஒவ்வொன்றும் முதல் வகுப்பிலே 42 பேரையும், இரண்டாம் வகுப்பிலே 24 பேரையும், சாதாரண வகுப்பிலே 1,300 பேரையும், 4,000 சாக்குமூடைச் சரக்கையும் ஏற்றவல்லன. 1907ஆம் ஆண்டிலே இவை தூத்துக்குடித் துறையை அடைந்தபோது ஊர் திருவிழாக் கோலம் பூண்டது. எட்டயபுரத்துக் கவிஞராகிய சுப்பிரமணிய பாரதியார் தாம் ஆசிரியராயிருந்த இந்தியா என்னும் வாரப்பத்திரிகையிலே இதனைக் கொண்டாடி எழுதினார்.

இனித் தொடங்கியது கட்டணப்போர். போட்டிக் கொம்பனி தன் கட்டணத்தைக் குறைத்து ஆளுக்கு ஒரு ரூபா ஆக்கிற்று. சுதேசியக் கொம்பனி எட்டணா ஆக்கிற்று. பின்னர் அவர்கள் பணம் வாங்காமலே ஏற்றுவோம் என்றனர். அதனோடு ஏறுவோர்க்கு ஒரு குடையும் இனாமாகக் கொடுத்தனர் என்பர்.

வணிகம் பயின்றோர் இவ்விடத்திலே சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். பிரிட்டிஷ் கொம்பனிக்குத் தூத்துக்குடி–கொழும்பு வழி அதன் பல வழிகளுள் மிகச் சிறிய ஒன்று. அங்கே ஓராண்டு முழுதும் நட்டப்பட்டாலும் கல்கத்தாவிலும் இரங்கூனிலும் பாரசீக வளைகுடாவிலும் வரும் இலாபம் அதனை நிரப்பிவிடும். சிதம்பரம்பிள்ளையின் கொம்பனிக்கு அவ்வழியே முழு உலகம். இரண்டே கப்பல், ஒரே வழி, சிறுபங்குகளாற் சேர்ந்த முதல். இத்தகைய இருவர் விலையைக் குறைத்துக்கொண்டே போவாராயின் முதலில் மூச்சுத்திணறுபவர் எவர் என்பதைச் சொல்லக் கணிதப் புலமை வேண்டியதில்லை. பிள்ளையவர்கள் இதனை அறியாதவரல்லர். அப்படியாயின் அவர் எதனை நம்பி அப்போரில் இறங்கினார்?

அவர் நம்பியது மக்களின் மனத்தை. அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. காசில்லாமல் ஏறலாம், குடையுங் கிடைக்கும் என்று ஒரு கப்பல் அழைக்க, அதனைத் திரும்பியும் பாராது எட்டணாக் கொடுத்து மற்றக் கப்பலிலே ஏறியவர் பலர். கூலிக்குப் போகும் ஏழைக்கு எட்டணா சிறு தொகையன்று. அவனைக் கொண்டு அவ்வெட்டணாவைக் கொடுப்பித்த வலிமை யாது? விலையாலே வெல்லமுடியாத இடத்திலே பேச்சாலே வென்றார் என்பதே எம் விடை. அவர் மேடையேறித் தமிழிலே பேசினார். காங்கிரசு மேடைகளிலே ஆங்கிலம் ஆட்சி செய்த காலம் அது. படித்தவர் படித்தவர்க்கு உரைத்துக்கொண்டிருந்தபோது, இவர் கடற்கரையிலே மீனவரும் சுமைகாரரும் கடைச்சிப்பந்திகளும் கூடியிருக்க அவர்கள் மொழியிலே நின்று பேசினார். கப்பல் யாருடையது, அதன் இலாபம் எங்கே போகின்றது, உன் எட்டணா யார் கைக்குச் சேர்கின்றது என்னும் மூன்றையுமே திருப்பித் திருப்பி விளக்கினார். கணக்குப்புத்தகத்தை மக்களின் பேச்சாக்கியவர் என்று அவரைச் சொல்லலாம். 1908ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து அவரோடு சேர்ந்தபின் அம்மேடை அனற்கொழுந்தாயிற்று.

அவ்வாண்டு பெப்ரவரி மாதத்திலே கோரல் ஆலைத் தொழிலாளரின் குறை அவர் செவிக்கு எட்டியது. வேலைநேரம் மிகுதி. கூலி அற்பம். வாரவிடுமுறை இல்லை. பெப்ரவரி 27ஆந் திகதி தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பிள்ளையவர்கள் அவர்கட்குத் தலைமை தாங்கினார். அவர்கள் பட்டினி கிடவாமல் ஊரிலே பணந் தண்டினார், சிலருக்கு வேறு வேலையுந் தேடிக்கொடுத்தார். ஊர் முழுவதும் அவர் பக்கம் நின்றது. எதிர்த்தவர்க்கு நாவிதர் சவரஞ் செய்ய மறுத்தனர், வண்ணார் துணி வெளுக்க மறுத்தனர். ஒன்பது நாளின் பின் ஆலையார் இணங்கினர். கூலி உயர்ந்தது, வேலைநேரங் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

கப்பற் கொம்பனிக் காரியதரிசி ஒருவர் ஆலைத் தொழிலாளர்க்குத் தலைமை தாங்கியது ஏன் என்று வினவுவோர் உளர். கொம்பனி வேலையை மாத்திரங் கவனித்திருந்தால் கப்பல் இன்னும் ஓடியிருக்குமே என்று ஆதங்கப்படுவோரும் உளர். இவ்வாதம் மேலோட்டமாக நோக்குங்கால் நியாயமானதே. பிறர் பணத்தைப் பொறுப்பேற்றவன் அப்பணத்திற்கு ஆபத்து வரும் வழியிலே நடத்தலாகாது என்பது வணிக அறம். ஆனால் முன்னர்ச் சொன்ன உறவை நினைவு கூர்க. ஆலையும் போட்டிக் கப்பலின் முகவாண்மையும் ஒரே ஹார்வி கொம்பனியாரின் கையில் இருந்தன. ஆலைத் தொழிலாளரைக் கைவிட்டு அவர்களின் எட்டணாவை மாத்திரங் கேட்டிருந்தால், அடுத்தநாட் கடற்கரையிலே அவர் பேச்சை எவர் நம்புவர்? எவ்வார்த்தையினாற் கப்பலை ஓட்டினாரோ அவ்வார்த்தையின் மெய்ம்மைக்குக் கோரல் ஆலையிலே சோதனை வந்தது. அவர் அதிலே தவறவில்லை. அதற்குரிய விலை விரைவிலே கேட்கப்பட்டது.

மார்ச்சு 9ஆந் திகதி விபின் சந்திரபாலர் சிறையினின்று விடுதலையானார். அதனைக் கொண்டாடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தனர். பிள்ளையவர்கள் கொண்டாடினார். 12ஆந் திகதி அவரும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியிலே கைதாயினர். மறுநாள் அந்நகரிலே கடைகள் அடைக்கப்பட்டன. நகரசபைக் கட்டடமும் தபாற்கந்தோரும் பொலிசு நிலையமும் தீக்கிரையாயின. பொலிசார் சுட்டதிலே நால்வர் மாண்டனர். யூலை 7ஆந் திகதி நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரசநிந்தைக்கு ஓர் ஆயுட்காலம், சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்கு மற்றோர் ஆயுட்காலம், ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது ஆண்டு நாடுகடத்தல். முப்பத்தாறாம் வயது நிரம்பாத ஒருவருக்கு இத்தண்டனை. மேன்முறையீட்டிலே அது ஆறாண்டாகக் குறைந்தது.

கொம்பனி என்னாயிற்று? தலைவர் இருந்தார், பணிப்பாளர் இருந்தனர், கப்பல்கள் இருந்தன. கடற்கரையிலே நின்று பேசிய குரல் மாத்திரம் இல்லை. அக்குரல் ஓய்ந்தபின் எட்டணாக் கொடுப்பதற்குரிய காரணமும் மெல்ல மெல்ல மங்கிற்று. அரசினரின் பகையைத் தேடிக்கொள்ள அஞ்சிய வணிகர் விலகினர். 1911ஆம் ஆண்டு கொம்பனி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல் பகைக் கொம்பனிக்கே விற்கப்பட்டது என்பதைக் கேட்கும்போது எவருக்கும் நெஞ்சு பொறாது. அவ்வாண்டு யூன் 17ஆந் திகதி, திருநெல்வேலிக் கலெக்டராயிருந்த ஆஷ் என்பவர் மணியாச்சிப் புகையிரத நிலையத்திலே வாஞ்சிநாதன் என்னும் இளைஞனாற் சுட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளையவர்களைச் சிறைப்படுத்தியபோது தூத்துக்குடியிலே உதவிக் கலெக்டராயிருந்தவர் இந்த ஆஷ்.

இத்தோல்விக்கு அரசினரின் அடக்குமுறையே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது பெரும்பாலும் உண்மையுமாகும். ஆயினும் ஒரு குறையை நாம் மறைத்தலாகாது. கொம்பனியை நடத்துங் கைகளைப் பிள்ளையவர்கள் பலவாகத் தேடினார். மக்களிடம் அதனை எடுத்துரைக்கும் நாவைத் தேடினாரல்லர். வாய்த்த இன்னொரு நா சிவாவினுடையது. அதுவும் அவரோடு ஒரே நாளிலே அடைக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் உயிர் ஒருவர் தொண்டையிலே தங்கியிருக்குமாயின், அத்தொண்டையை நெரித்தால் நிறுவனம் இறக்கும் என்பதை அவருடைய பகைவர் அவர்க்கு முன்னரே கண்டுகொண்டனர். அவர்க்கு வாய்த்த காலமோ மிகக் குறுகியது. கொம்பனி பதிவானதிலிருந்து அவர் சிறைபுகும்வரை பதினேழு மாதமே. அதற்குள் இரண்டாம் வரிசையை உருவாக்குதல் எவர்க்கும் அரிது என்பதையும் நடுநிலையாளர் ஒப்புவர்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலந் திறக்கப்பட்டு, தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கிற்று. நெடிய கடற்பயணத்தை விரும்பாதார் அவ்வழியே திரும்பினர். சுதேசியக் கொம்பனி அதுவரை பிழைத்திருந்தாலும், பயணிகளை மாத்திரம் நம்பியிருந்தால் அப்போது பெருஞ்சோதனைக்கு உள்ளாகியிருக்கும். சரக்குக்கும் வேறு துறைகளுக்கும் கப்பலைத் திருப்பியிருப்பாரோ, புதிய வழி கண்டிருப்பாரோ, அறியோம். 2011ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் ஒரு பயணிகள் கப்பல் விடப்பட்டுச் சில மாதத்திலேயே நின்றுபோனதை நோக்க, அவ்வழி எக்காலத்தும் எளியவழியன்று என்பது புலனாகின்றது. அவ்வாண்டே தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வ. உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது.

கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் கழித்த ஆண்டுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. மாடிழுக்கும் செக்கை வெயிலிலே இழுத்தார். அச்செக்கு சென்னைக் கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்திலே வைக்கப்பட்டிருக்கின்றது. நாம் வியப்பது வேறொன்றை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியர் மன ஆட்சிபற்றியும் எண்ணத்தின் ஆற்றல்பற்றியும் எழுதிய சிறு நூல்களை அவர் தமிழாக்கினார். மனம்போல வாழ்வு என்னும் நூல் 1909இல், அவர் சிறையிலிருந்தபோதே வெளிவந்தது. பின்னர் அகமே புறம், வலிமைக்கு மார்க்கம் முதலியனவும் வந்தன. இன்று தொழில்முன்னேற்றம் விரும்புவோர் கையிலே காணப்படும் தன்னாக்க நூல்களின் வரிசையிலே ஆலனுக்கு மதிப்பான ஓர் இடம் உண்டு. அவற்றை ஓய்வுநாற்காலியிற் சாய்ந்திருந்து வாசிப்பவருக்கும், செக்கு இழுத்த கையினால் மொழிபெயர்த்தவருக்கும் அவ்வரிகள் ஒரே பொருளைத் தந்திருக்குமோ என்பது ஐயமே.

1912ஆம் ஆண்டு டிசெம்பரிலே அவர் வெளியே வந்தார். கப்பல் வந்த நாளிலே திரண்ட கூட்டம் அன்று சிறைவாயிலிலே திரளவில்லை. கொம்பனி இல்லை. வக்கீற்றொழில் செய்யும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. கையிலே பணமுமில்லை. சென்னையிலே சிறு கடை வைத்தார். மளிகை விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். வாங்குவோர் கடனுக்குக் கேட்டபோது மறுக்க மாட்டாதவர் கடைவைத்து இலாபங் காண்பதெப்படி? பிறர் பொருளைத் திரட்டப் பேசிய நா தன்பொருளைக் கேட்கக் கூசிற்று. தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழ்த் தொழிலாளரும் பிறரும் அவர்க்கெனத் திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. 1915ஆம் ஆண்டிலே அதுபற்றி இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. இறுதியிலே 1916ஆம் ஆண்டு 347 ரூபா 12 அணா பிள்ளையவர்களின் கைக்கு வந்தது. பத்து இலட்சம் ரூபாக் கொம்பனியைக் கட்டியவருக்கு அத்தொகை அன்று எத்துணைப் பெரிதாயிருந்தது என்பதை அக்கடிதங்கள் காட்டுகின்றன.

பின்னர், திருநெல்வேலிச் சீமையிலே முன்பு உத்தியோகம் பார்த்து இவரை நன்கறிந்திருந்த நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயர், வக்கீலாக மீண்டும் தொழில் புரியும் உரிமையை இவர்க்கு வழங்கினார். அந்நன்றியை மறவாது தம் மைந்தருள் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலக் கொம்பனியையும் ஆங்கில ஆட்சியையும் எதிர்த்து அழிந்த ஒருவர், ஓர் ஆங்கிலேயன் செய்த நன்றியைத் தம் வீட்டிலே நாடோறும் வாயாற் கூப்பிட்டு வாழ்ந்தார் என்பது சிறு செய்தியன்று.

கோவிற்பட்டியிலும் பின் தூத்துக்குடியிலும் வக்கீல் வேலை பார்த்த பிற்காலத்திலே அவர் உள்ளம் தமிழ்நூல்களிலே தோய்ந்தது. திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தாமும் அறத்துப்பாலுக்கு உரை கண்டார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் இயற்றிய உரையைப் பதிப்பிப்பதிலே ஈடுபட்டார். நம்மூர்ச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சேனாவரையத்தை 1868இலும் பொருளதிகார நச்சினார்க்கினியத்தை 1885இலும் பதித்து இட்ட பாதையிலே அவரும் நடந்தார். இருவருஞ் சட்டங் கற்றவர், இருவரும் ஏட்டுச்சுவடியை நேசித்தவர். மெய்யறம் முதலிய செய்யுள் நூல்களும் அவர் இயற்றியவை. தம் வரலாற்றையும் செய்யுளிலேயே எழுதினார்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி தூத்துக்குடியிலே அவர் காலமானார். அதற்கு முன்னர் எழுதிவைத்த உயிலிலே, தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் சொற்ப உடைமைகளோடு, கடைக்காரருக்குத் தாம் கொடுக்கவேண்டியிருந்த சில்லறைக் கடன்களையுங் குறித்திருந்தார்.